ஜன்னலோர மெஷின்

அந்தத் தையல் ஆலைக்கு ஒரே ஒரு ஜன்னல். மாதத்தில் அதிகம் தைத்தவருக்கு அதனருகே இருக்கும் மெஷின்தான் பரிசு. இம்முறை பவளக்கொடிக்குக் கிடைத்தது. நாளுக்கு நானூறு காலர் தைத்தவள் நாற்பதுக்கு இறங்கிவிட்டாள். வெளியே வெட்டாத துணிபோல மேகம் நகரும். மெஷினை மிதிக்க அவள் கால் மறந்துவிடும்.

மேலாளர் ஞானசேகர், ஒவ்வொருவர் வேலைக்கும் மதிப்பெண் போடும் தாளோடு வந்தார்.

"இங்க உக்கார்ற எல்லாருமே இப்படித்தான் ஆயிடறீங்க. அப்படி என்னம்மா இருக்குது?"

"ஒண்ணுமில்லீங்க சார். மேகம் போகுதுங்க."

"எந்திரி, நான் பாக்கறேன்."

பவளக்கொடி தன் பழைய இருட்டு மூலைக்குப் போய் மளமளவென்று தைத்தாள். சாயங்காலம் மணி அடித்தது. எல்லாரும் கிளம்பினார்கள். ஞானசேகர் மட்டும் ஜன்னலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மதிப்பெண் தாள் அவர் காலடியில் கிடந்தது.

அவள் அதை எடுத்து, அவர் பெயரை எழுதி, முழு மதிப்பெண் போட்டாள்.