இந்த வாரம் இறக்கியவர்கள்

"எவனோ எங்கயோ வெர்ஷனை மாத்தினா, இந்த வீட்டுல சாப்பாடு ஆறிப்போகுது" என்று அண்ணி தட்டை ணங்கென்று வைத்தாள்.

அண்ணன் நோயில் விழுந்து, வேலையும் போன மனுஷன். படுக்கையில் சாய்ந்தபடி லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருந்தான்.

பார்க்க வந்த தம்பிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனும் கம்ப்யூட்டர்க்காரன்தான்.

அண்ணன் எழுதிய சின்ன லைப்ரரி, அதாவது மற்ற புரோகிராமர்கள் எடுத்துச் சேர்த்துக்கொள்கிற ரெடிமேட் புரோகிராம், ஒரு காலத்தில் ராஜாவாட்டம் இருந்தது. அது எழுதப்பட்ட கம்ப்யூட்டர் மொழியை நெட்டிலிருந்து இறக்குகிற அத்தனை பேருக்கும் ஒரே தொகுப்பாக அதுவும் சேர்ந்தே போகும். போன வருஷம் தொகுப்பிலிருந்து அதைக் கழற்றிவிட்டார்கள். வேண்டுமென்றால் தேடி வந்து தனியாக இறக்கிக்கொள்ள வேண்டியதுதான். அது நம்பியிருக்கிற மற்ற லைப்ரரிகளில் ஒன்று மாறினாலும் இது படுத்துவிடும். அண்ணன் உட்கார்ந்து சரி செய்வான்.

யாருக்காக இந்தப் பாடு, நாய்கூடச் சீண்டாது என்றாள் அண்ணி.

அண்ணன் திரையைத் தம்பி பக்கம் திருப்பினான். "பாருடா, இந்த வாரமும் எத்தனை பேர் இறக்கியிருக்காங்க."

அப்போது மட்டும்தான் அந்த முகத்தில் கொஞ்சம் உயிர் தெரிந்தது.

மறுநாள் மதியம் தம்பி, அண்ணி வேலை பார்க்கும் பல் கிளினிக்குக்கே போய்விட்டான். ஊருக்குத் தெரிகிற அருமை கட்டினவளுக்குத் தெரியவில்லையே, நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று வழியெல்லாம் பொருமிக்கொண்டே போனான்.

நோயாளிகள் யாரும் இல்லை. வரவேற்பு மேஜையில் அண்ணி ஏதோ டைப் அடித்துக்கொண்டிருந்தாள். பின்னால் போய் நின்றான்.

திரையில் அண்ணனுடைய லைப்ரரி இறங்கிக்கொண்டிருந்தது. இறங்கி முடிந்ததும் அழித்தாள். மறுபடியும் இறக்கினாள்.

அவனைப் பார்த்ததும் அண்ணிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அவர்கிட்ட மூச்சு விட்டுடாதீங்க தம்பி. வேற யாருமே எடுக்கிறதில்ல. இதுவும் நின்னுட்டா மனுஷன் எழுந்தே உட்கார மாட்டார்."

"அப்ப வீட்ல ஏன் அண்ணி அப்படிக் கரிச்சுக் கொட்டுறீங்க?"

"நான் தலைல தூக்கி வச்சுக்கிட்டு ஆடினா அவருக்குச் சந்தேகம் வந்துடுமே."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என் ஒருத்தியால எவ்வளவுதான் முடியும்? உங்க ஆபீஸ்ல அத்தனை கம்ப்யூட்டர் இருக்கே, அதுலெல்லாம் அவரோடதைத்தானே போட்டிருக்கீங்க?"

தம்பி தரையைப் பார்த்தான். தொகுப்பிலிருந்து கழற்றிய அன்றைக்கே, ஆபீஸில் அண்ணனுடையதைத் தூக்கிவிட்டு வேறொன்றைப் போட்டவன் அவன்தான்.