ஒரு விரற்கடை

பேக்கர்ஸ்ஃபீல்டு நகரின் நாலு மணி வெயில் கராஜுக்குள் பாதி வரை வந்து கிடக்கிறது. காருக்கு அடியில் வெர்லின் மல்லாந்திருக்கிறான். தொண்ணூறு வருஷப் பழைய காரின் கூரையைத் தாழ்த்தி, லாரியிலிருந்து கழற்றிய பெரிய எஞ்சினை அதில் திணித்து, பதினோரு வருஷமாக வீட்டிலேயே கட்டிவரும் ஹாட் ராட் அது. ஸ்டியரிங் தண்டு புகைக்குழாயில் இடித்துக்கொண்டே இருந்தது. குழாயை நான்காம் முறையாக வெட்டிப் பற்றவைத்திருக்கிறான். இதுவும் சரிவராவிட்டால் காரை விற்றுவிடுவதாகக் காலையில் மனைவி ஆர்லீனிடம் சொல்லிவிட்டான். இதய ஆபரேஷனுக்குப் பிறகு கைகளில் பழைய பலம் இல்லை. எஞ்சினைத் தூக்கும் சங்கிலியை இப்போதெல்லாம் அவள்தான் இழுக்கிறாள். சீட் இன்னும் பொருத்தவில்லை. கவிழ்த்த பெயின்ட் வாளிமேல் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறாள்.

“இடது பக்கம் திருப்பு. மெதுவா.”

தண்டு சுழல்கிறது. உரசல் கேட்கிறதா என்று காத்திருக்கிறான். மூலையில் ஓடும் மின்விசிறியின் கடகடப்பு மட்டும் கேட்கிறது.

“இப்ப வலது.”

குழாய்க்கும் தண்டுக்கும் நடுவே ஒரு விரற்கடை வெளிச்சம் கடைசி வரை மறையாமல் நிற்கிறது.

“என்னப்பா, இடிச்சிடுச்சா?”

“இடிக்கல.”

“நிஜமாவா?”

“விரலை விட்டுப் பாத்துட்டேன். இடிக்கல, ஆர்லீன்.”

அவன் குரலில் களைப்பு மட்டுமே இருக்கிறது. அவள் இறங்கி வந்து, எண்ணெய்க் கறை படிந்த சிமெண்டுத் தரையில் அவன் பக்கத்தில் படுத்துக்கொள்கிறாள்.

“அப்ப விக்கல. முதல்ல எங்க போறோம்?”

“முதல்ல நான் எந்திரிக்கணும்.”

“அதுக்கென்ன இப்ப அவசரம்,” என்று அவள் கண்ணை மூடிக்கொள்கிறாள்.