பலாமரக் கதவு

“பேய்க்குப் பயந்து வாசல்ல சாக்கையே தொங்கவிட்டுக்கிட்டு இருப்பியாடி?” கொட்டகலைப் பழைய மரக்கடையின் தகரக் கூரை அதிரக் கத்துகிறார் முத்துலிங்கம். “நீங்க பெரிய வீரரு, நீங்களே வாசல்ல நில்லுங்க, கதவே வேணாம்,” என்று மனைவி நாகலெட்சுமியும் விடுவதாயில்லை. ஞாயிற்றுக்கிழமை மகள் கிருஷாந்தியைப் பெண் பார்க்க வருகிறார்கள். புது வீட்டுக்கு இன்னும் கதவில்லை. கைக்கு எட்டும் விலையில் இருப்பது இது ஒன்றுதான்: தாமரை செதுக்கி, பச்சைப் பெயிண்ட் உரிந்த, லட்சணமான பலாமரக் கதவு. மண்சரிவில் போன வீட்டுடையது என்பதைக் கடைக்காரர் மறைக்கவுமில்லை. கடைக்குள் புகுந்த பனிமூட்டத்தில் ஈரமண் வாசம் அடிக்கிறது. உட்பக்கத் தாழ்ப்பாள் போட்டபடியே வளைந்திருக்கிறது. அதன் நுனியில் பழைய வாசல்நிலையின் மரச்சில்லு ஒட்டியிருக்கிறது. “உள்ளுக்குப் பூட்டியிருக்குங்க. அப்ப உள்ள ஆளு இருந்திருக்காங்க,” என்கிறாள் நாகலெட்சுமி, குரல் இறங்கி. “தாழ்ப்பாள மாத்திக்கலாம்,” என்கிறார் அவர். அவளோ, தோட்டத்து லயத்தில் பக்கத்து வீட்டுக்குப் போனவள்போல, விரலை மடக்கிக் கதவை மெல்லத் தட்டுகிறாள். தட்டிவிட்டுக் காது கொடுத்து நிற்கிறாள். கடைக்காரரும் கதவையே பார்க்கிறார். தகரத்தில் தூறல் மட்டும் கேட்கிறது.

வாங்கித்தான் போனார்கள். கிருஷாந்தி மஸ்கெலியாவில் வாழ்க்கைப்பட்டாள். மகளை விடப் போன நாகலெட்சுமி அங்கேயே தங்கிவிட்டாள், அந்தக் கதவுள்ள வீட்டுக்குத் திரும்பி வரவேயில்லை. முத்துலிங்கம் மட்டும் இங்கே, உள்ளே தாழ்ப்பாள் போட மனசு வராமல், கொட்டும் குளிரிலும் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாராம்.