ஆறடி தள்ளி ஒரு பேய்

பேய் பங்களாவுக்குள்ளிருந்து மறுபடியும் ஓர் அலறல் கேட்டது. வெளியே நின்ற முதலாளி சௌந்தரராஜனுக்கு வாயெல்லாம் பல். மாஸ்க் போட்டிருந்ததால் அது யாருக்கும் தெரியவில்லை.

சமயநல்லூர் தாண்டி அவர் நடத்தும் பொழுதுபோக்குப் பூங்கா, கொரோனாவால் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்து நேற்றுதான் திறந்தது. ராட்டினத்தில் ஒரு சீட் விட்டு ஒரு சீட்தான் உட்கார வேண்டும், பேய் பங்களாவுக்குள் ஒவ்வொருவராகத்தான் போக வேண்டும் என்று ஏகப்பட்ட விதிமுறைகள். எல்லாவற்றையும்விட மோசம், பேய் யாரையும் தொடக் கூடாது என்பது.

தொடாமல் பேய் என்னதான் செய்யும்? இருட்டில் பின்னால் வந்து தோளைப் பிடிப்பதுதான் பேய் வேஷம் போடும் அழகுபாண்டியின் மொத்த வித்தையே. நேற்று கோரைப்பல்லுக்கு மேல் மாஸ்க்கையும் மாட்டிக்கொண்டு, ஆறடி தள்ளி நின்று "ஊ..." என்றான். ஒரு வாண்டு, "டாட்டா பேய் மாமா" என்று கையசைத்துவிட்டுப் போனது.

சௌந்தரராஜன் கொதித்துப்போனார். "நாளைக்கு ஒரு நாள்தான் பார்ப்பேன். ஜனம் அலறலைன்னா பங்களாவை இடிச்சிட்டு ஐஸ்கிரீம் கடை போட்டுருவேன். நீ வேற வேலை பாத்துக்க."

"அப்பிடிச் சொல்லாதீங்க மொதலாளி. லாக்டவுன்ல எம்புட்டுக் கஷ்டப்பட்டேன்னு உங்களுக்கே தெரியும். இந்த வேலையும் போச்சுன்னா பிள்ளைகளை வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்? ஒரு நாள் குடுங்க, ஏதாச்சும் செய்றேன்" என்று அழகுபாண்டி கெஞ்சினான்.

இதோ, செய்துவிட்டான்! காலையிலிருந்து உள்ளே போகிறவர்கள் எல்லாம் கண்ணில் தண்ணீரோடு வெளியே ஓடி வருகிறார்கள். அலறல் கேட்கக் கேட்க வரிசையும் நீண்டது. நம் ஊரில் ஒருவன் அலறிக்கொண்டு ஓடி வந்தால், என்னவென்று பார்க்கப் பத்துப் பேர் உள்ளே போவார்கள்.

இந்த முறை மீசைக்காரர் ஒருவர் மூக்கைப் பிடித்தபடி வந்தார். "யோவ், என்னய்யா பேய் இது! தலையிலருந்து கால் வரைக்கும் கொரோனா டிரெஸ்ஸு. கையில குச்சியை வச்சுக்கிட்டு மூக்கைக் காட்டுங்குது. பேரு, வயசு, போன் நம்பர் வேற கேக்குது!"

"போன் நம்பரா?"

"ஆமாய்யா. பயத்துல என் பொண்டாட்டி நம்பரைக் குடுத்துட்டு வந்துட்டேன்."

சௌந்தரராஜன் அசந்துபோனார். இன்றைக்குக் கோரைப்பல்லுக்கு யார் பயப்படுகிறார்கள்? மூக்கில் விடும் குச்சிக்குத்தான் ஊரே நடுங்குகிறது. பயலுக்கு இவ்வளவு மூளையா என்று வியந்தவர், நேரில் பாராட்டத் தானே உள்ளே நுழைந்தார்.

ஒற்றை விளக்கின் கீழே வெள்ளைக் கவச உடை ஒன்று நின்றது. முகத்தில் மாஸ்க், அதற்கு மேல் கண்ணாடி. ஆள் அடையாளமே தெரியவில்லை. அது நாற்காலியைக் காட்ட, இவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

"போன் நம்பர்?" குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது.

"ஏன்டா, மொதலாளி நம்பரே மறந்துபோச்சா?" என்றபடி நம்பரைச் சொன்னார். பிறகு மாஸ்க்கைக் கீழே இறக்கினார். "நடிப்புன்னா இதுதான்டா! உனக்கு இனிமே..."

மாஸ்க்கை இறக்கியதுதான் தப்பு. குச்சி மூக்குக்குள் நுழைந்து, மூளையை நலம் விசாரித்துவிட்டுத் திரும்பியது. அவர் போட்ட கூச்சலில், வெளியே வரிசையில் இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தவர், டிக்கெட் கவுண்டரில் இருந்த மகள் காவ்யஸ்ரீயிடம் மைக்கை வாங்கினார். மூக்கு எரிந்தாலும் மனசு குளிர்ந்திருந்தது.

"எல்லாருக்கும் சொல்லிக்கிறேன். இந்தப் பங்களாவை இனி மூடவே மாட்டேன். அழகுபாண்டிக்கு வேலை நிரந்தரம், சம்பளமும் கூட்டியாச்சு. டேய் அழகு, வெளிய வாடா!"

"ரொம்ப சந்தோசம் மொதலாளி!"

குரல் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. திரும்பிப் பார்த்தார். சாதாரணச் சட்டையும் கைலியும், கையில் டீ கிளாஸுமாக அழகுபாண்டி நின்றுகொண்டிருந்தான். அதே நேரம் பங்களாவுக்குள்ளிருந்து அடுத்த அலறல் கேட்டது.

"நீ இங்க இருக்க... அப்ப உள்ள இருக்குறது யாருடா?"

அழகுபாண்டி பவ்யமாகத் தலையைச் சொறிந்தான்.

"டெஸ்ட் எடுக்க வந்த டாக்டரம்மா மொதலாளி. எடம் கேட்டாங்க, நான்தான் உள்ள உக்கார வச்சேன்!"