லாரியில் போன கேக் கடை

மூன்றடுக்குக் கேக்கின் உச்சியில் கடைசி க்ரீம் சுருளைப் பிழிந்துகொண்டிருந்தபோது, கேக் அக்காவின் கடை தரையை விட்டுக் கிளம்பியது.

கடை என்றால் கட்டடம் இல்லை. காலி மனையில் இறக்கி வைத்த தகர கேபின். ஒரு கதவு, ஒரு ஜன்னல். உள்ளே அடுப்பும் ஃப்ரிட்ஜும் மேஜையும் போக, மிச்ச இடத்தில் அவள் திரும்பலாம். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டால்.

"ஐயோ, பூகம்பம்!" என்று கேக்கைக் கட்டிப் பிடித்தாள்.

ஜன்னலுக்கு வெளியே மரம் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. மரம் எங்கேயாவது இறங்குமா? அப்படியானால் ஏறுவது நாம்தான் என்று அப்புறம்தான் உறைத்தது.

எட்டிப் பார்த்தாள். கீழே கிரேன். கிரேன்காரர் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கத்திக்கொண்டிருந்தார்.

"தூக்கியாச்சு மேடம்!"

"யார் குறுக்கே வந்தாலும் நிறுத்தாதீங்க. சட்டுனு கொண்டு வாங்க!"

அந்தக் குரலைத் தூக்கத்தில் கேட்டாலும் கேக் அக்கா அடையாளம் சொல்வாள். நாத்தனார்! கணவரின் அக்கா.

மனைக்காரர் மாசக் கடைசிக்குள் இடத்தைக் காலி பண்ணச் சொல்லியிருந்தார். வேறு இடம் தேடி அலைந்ததில் செருப்புதான் தேய்ந்தது. ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லாமல், "நல்லதாப் போச்சு. அந்த டப்பாவுக்குள்ள வெந்தது போதும்" என்றாள் நாத்தனார். இன்று காலையில் போன் போட்டு, "எப்போ வெளியே போவே? எப்போ வருவே?" என்று குடைச்சல் வேறு.

"இதோ வெண்ணெய் வாங்கக் கிளம்பிட்டேன் அண்ணி" என்று வாய் சொல்லிவிட்டது. கேக் முடியாததால் கால் கிளம்பவில்லை.

"அடிப்பாவி! நான் இல்லாத நேரம் பார்த்துக் கடையையே கிளப்பறாளா!"

கத்தினாள். அதற்குள் கிரேன் மறுபடி உறுமத் தொடங்கிய சத்தத்தில் யார் காதில் விழும்? கேபின் லாரியில் உட்கார்ந்தது. லாரி நகர்ந்தது.

நாத்தனாருக்குப் போன் போட்டாள். பிஸி. கணவருக்குப் போட்டாள். 'மீட்டிங்' என்று ஒற்றை வார்த்தை பதில் வந்தது.

இனி ஒரே கோர்ட்டுதான் பாக்கி. குடும்ப குரூப். ஒரு கையால் கேக்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் குரல் பதிவை அழுத்தினாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க! உங்க அருமை அக்கா என் பொழைப்பையே லாரியில ஏத்திட்டா! அவ மனுஷியா? ராட்சசி! வயித்தெரிச்சல் பிடிச்ச..."

சிக்னல். லாரி நின்றது. பக்கத்துப் பஸ் ஜன்னலில் ஒரு வழுக்கைத் தலை, கேக்குக்கு நேர் எதிரே.

"மேடம், அது விலைக்கா?"

"இது ஆர்டர் கேக் சார்." குரல் சட்டென்று தேனாகிவிட்டது. "உங்களுக்கு நாளைக்குச் செஞ்சு தரேன். சாக்லேட்டா, வெனிலாவா?"

"சாக்லேட். முட்டை போடாம."

"பேஷா தரேன் சார்!" கார்டை வீசினாள். அவர் லாகவமாகப் பிடித்தார்.

"எனக்கும் ஒரு கார்டு!" லாரிக்குப் பின்னால் ஸ்கூட்டர்க்காரி ஒருத்தி. "நடமாடும் கடையா? சூப்பர்! எங்க தெருவுக்கு எப்போ வரும்?"

"தெரியலைம்மா. இது நடமாடும்னு எனக்கே இப்பத்தான் தெரியும்!"

பச்சை விழுந்தது. கேக் அக்கா விட்ட இடத்தில் பிடித்தாள்.

"...வயித்தெரிச்சல் பிடிச்ச ராட்சசி! கழுத்தும் குட்டை, மனசும் குட்டை!"

அனுப்பியதும் நெஞ்சு லேசாகிவிட்டது. சிரிப்புக்கூட வந்தது. நின்ற இடத்தில் ஈ ஓட்டிய கடை, ஓடத் தொடங்கியதும் என்னமாய் ஓடுகிறது!

அடுத்த திருப்பத்திலேயே லாரி நின்றது. பின்னாலேயே வந்த கிரேன் தூக்க, கேபின் மறுபடி ஆகாயத்துக்குப் போய், மெத்தென்று இறங்கியது. கேக் அக்கா க்ரீம் கரண்டியை ஓங்கியபடி குதித்தாள்.

எதிரே நாத்தனார். முழங்கை வரை மண். பின்னால் அவளுடைய வீடு.

"அடிகிடி எதுவும் படலையே? கேக்குக்கு ஒண்ணும் ஆகலையே?"

"இல்ல... இது... இங்க எதுக்கு..."

கிரேன்காரர் சங்கிலியை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "நீங்க வெண்ணெய் வாங்கிட்டு வர்றதுக்குள்ள கடை இங்க இருக்கணும்னு ஒத்தைக் கால்ல நின்னாங்க. இந்த இடத்துல இருந்த செடி அத்தனையும் அவங்களே பிடுங்கினாங்க. எங்களைத் தொட விடலை."

மதிலோரம் ரோஜாச் செடிகள் வேரும் மண்ணுமாகச் சாய்ந்து கிடந்தன. ஒரு பூவைக் கிள்ளினாலும் நாத்தனார் ஒரு வாரம் பேசமாட்டாள். அந்தத் தோட்டம் இருந்த இடத்தில் இப்போது தகர கேபின், பஸ் ஸ்டாப்பைப் பார்த்தபடி.

"பூவைப் பார்த்துக்கிட்டே இருந்தா ஆச்சா?" என்றாள் நாத்தனார். "இங்க ஜனம் வந்து போகும். யாரும் உன்னைக் காலி பண்ணச் சொல்லமாட்டாங்க."

கேக் அக்காவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. குரல் பதிவு! திரும்பி நின்று, அவசரமாக அழித்தாள். நல்லவேளை, குரூப்பில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. தப்பித்தோம்.

கையிலிருந்த போன் அலறியது. பஸ்ஸிலிருந்து சாக்லேட் கேக் கேட்டவர். "மேடம், நாளைக்கு எங்க வந்து வாங்கணும்?"

நாத்தனார் மண் கையால் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இனிமே பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ல சார். அடையாளமா? கழுத்துக் குட்டையா ஒரு ராட்சசி வாசல்ல நிப்பா, அந்த வீடுதான்."