பதினோராவது நிமிடம்

“அந்த ஒரு நிமிஷத்தைப் புடுங்கி நீங்க என்ன சார் பண்ணப் போறீங்க?”

டெக்னீஷியன் நிமிரவில்லை. பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சை அறை வாசலில் குந்தியிருந்தான். கதவோரம் டைமர் பெட்டி மூடி திறந்து கிடக்க, மடியில் லேப்டாப், கையில் ஸ்டாப்வாட்ச்.

கேட்டவள் ஐந்தாம் தொட்டிலின் அம்மா. நான்கு முதல் ஐந்து மணிவரைதான் பார்வை நேரம். ஆறு தொட்டில், ஆளுக்குப் பத்து நிமிடம். ஒருவர் உள்ளே போனதும் பெட்டி எண்ணத் தொடங்கும். பஸ்ஸர் அலறினால் அடுத்தவர். ஐந்து அடித்ததும் அறையைப் பூட்டிவிடுவார்கள்.

அந்தப் பெட்டி பத்து என்று சொல்லிப் பதினொன்று கொடுக்கிறது என்பதை அவள் இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. கண்ணாடிக் கூட்டின் ஓட்டைக்குள் கைவிட்டு விரலை நீட்டினால், மகள் அதைப் பற்றிக்கொள்ள அவ்வளவு நேரம் எடுத்தாள். பல நாள் அந்தப் பதினோராவது நிமிடத்தில்தான் பற்றினாள். அந்தப் பிடியை நினைத்தே அவள் மீதி நாளை ஓட்டினாள். மூன்று மணிக்கே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுவாள்.

சிப்புக்குள்ளேயே இருக்கும் துடிப்பை வைத்துத்தான் பெட்டி எண்ணுகிறது, அது சிப்புக்குச் சிப்பு மாறும், இது கொஞ்சம் சோம்பேறி, லேப்டாப் வழியே அதன் திருத்த எண்ணை மாற்றினால் சரியாகிவிடும் என்று அவன் பொறுமையாக விளக்கினான்.

“சோம்பேறியாவே இருந்துட்டுப் போகட்டும். உங்க வீட்டுச் சோத்தையா திங்குது?”

பெஞ்சிலிருந்த மற்ற அம்மாக்கள் சிரித்தார்கள். மெஷினுக்குப் பிறந்தவனாக இருப்பான் என்று ஒருத்தி முணுமுணுத்தாள். அவன் காதில் வாங்கிக்கொள்ளாமல் எண்ணை மாற்றினான், ஸ்டாப்வாட்சோடு ஒத்துப் பார்த்தான், மறுபடி மாற்றினான். மூன்றாம் முறை ஒரு நொடிகூடப் பிசகவில்லை. மூடியைத் திருகி முடித்தபோது மணி நான்கு.

அவள் முறை வந்தது. விரலை நீட்டினாள். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். உதடு சுழித்தாள். உள்ளங்கை மெல்ல விரியத் தொடங்கியபோது பஸ்ஸர் அலறியது.

வழக்கமாக நேரே பஸ் நிறுத்தத்துக்குப் போகிறவள் இன்று அவனைத் தேடி நின்றாள். அவன் இன்னும் போகவில்லை.

“இப்போ திருப்திதானே?” என்றாள்.

அவன் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு, குழாயடியில் நின்று கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான்.

நர்ஸ் கதவைத் திறந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, குழாயடியில் நின்றவனிடம் திரும்பினாள்.

“ஆறாம் தொட்டில் அப்பா, வாங்க. மணி நாலு அம்பதுதான். நேத்து மாதிரி அஞ்சே நிமிஷத்துல உங்களை வெளிய அனுப்ப வேண்டியதில்ல, இன்னிக்குப் பத்தும் உங்களுக்குத்தான்.”