மருதாணிக் குச்சி

கோத்தா திங்கி ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் பின்புறம் மழை விட்ட மாலை வெயில் சரிந்து கிடக்கிறது. பால் வெட்டும் மருதைக்கு இரண்டாம் மனைவியாக வந்து எட்டு நாளே ஆன பூவாயி, புல் மண்டிய கொல்லையில் களையெடுக்கிறாள். அவரை போட வேண்டுமென்று ஆசை. இலையில்லாத ஒரு குச்சியைப் பிடுங்கி எறியப் போனவளின் கை பாதியில் நிற்கிறது. அடியில் நூல் நூலாக வெள்ளை வேர். கணுவில் கடுகளவு பச்சை. “அய்யோ, அது எங்காத்தா ஊனுன மருதாணி!” தண்ணீர்ச் சிரட்டையோடு ஓடி வருகிறாள் மருதையின் மகள் காத்தாயி. ஒன்பது வயது. ஆத்தா காய்ச்சலில் போய் மூன்று மாதம்தான் ஆகிறது. “காஞ்ச குச்சின்னு நெனச்சுட்டேன் கண்ணு. நானே நட்டுத் தர்றேன்.” “நீ தொடாத!”

குச்சியைப் பறித்த சிறுமி விரலால் குழி தோண்டி நட்டு மண் அணைக்கிறாள். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்குகிறது. ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் களையெடுத்திருக்கலாமே என்று பூவாயிக்கு இப்போதுதான் உறைக்கிறது. மண் போன பின்னும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே நிற்கிறாள். ரப்பர் பால் வாளியைக் கழுவிக் கவிழ்த்த மருதை எட்டிப் பார்க்கிறான். “புள்ள ஏன் அழுவுது? நீ ஏதாச்சும் சொன்னியா?” காத்தாயி தலை நிமிராமல் சொல்கிறாள்: “எறும்பு கடிச்சிருச்சுப்பா.” அவன் உள்ளே போகிறான். பூவாயி எதிரே மெல்லக் குந்துகிறாள். “பொழச்சுக்குமா கண்ணு?” சிரட்டைத் தண்ணீரைக் குச்சியின் அடியில் ஊற்றிவிட்டு, “தெரியல” என்கிறாள் காத்தாயி.